மினுக்கிக்கொண்டு போகும் அந்தப் புள்ளி செத்ததா, உயிரோடு இருக்கிறதா?

9 ஜனவரி 2024, இரவு 8.15. விளாத்திகுளம் வாசகர் கேட்டது

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணி வாக்கில் தெற்கிலிருந்து வடக்கே ஒரு புள்ளி போனது. விமானம் இல்லை. சிவப்பு, பச்சை விளக்கு இல்லை, சத்தமும் இல்லை. சும்மா போகவில்லை, விட்டு விட்டுப் பளிச்சென்று அடித்தது. நடுவில் சுத்தமாக மறைந்துவிடும். போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பத்து எண்ணினேன், 47 வினாடி. இன்றைக்கும் அதே வழியில் வந்தது. தங்கச்சியும் மாடிக்கு வந்தாள். பத்துக்கு 52 வினாடி. இரண்டே நாளில் பத்தில் ஒரு பங்கு மெதுவாகியிருக்கிறது. செத்த பொருள் என்றால் எப்படி மாறும்? யாரோ கீழேயிருந்து இயக்குகிறார்கள் என்பது என் கருத்து.

9 ஜனவரி, இரவு 10.50

நீங்கள் சொன்ன நேரத்தையும் திசையையும் வைத்துப் பார்த்தேன். பழைய சோவியத் ராக்கெட் ஒன்றின் இரண்டாம் நிலை. கோஸ்மோஸ்-3எம் வகை. சுமார் ஆறரை மீட்டர் நீளம், 2.4 மீட்டர் குறுக்களவு, வெறும் உருளை. செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. பூமியிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 74 பாகைச் சாய்வில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வகையில் நூற்றுக்கணக்கானவை இன்னும் மேலே இருக்கின்றன.

பளிச்சிடுவது அதன் சொந்த விளக்கு இல்லை. எவர்சில்வர் டம்ளரை வெயிலில் தரையில் உருட்டிவிட்டால் ஒரு கோணம் வரும்போது கண்ணில் அடிக்கும், மறு நொடி மங்கும். அதேதான். பிரிந்தபோது கிடைத்த உதையோ, மிச்ச எரிபொருள் கசிந்து தள்ளியதோ, அது குட்டிக்கரணம் போட ஆரம்பித்துவிட்டது. நிறுத்த ஆள் இல்லை.

நேரம் மாறியதற்கு என் விளக்கம்: பொருளும் சுழல்கிறது, அது நம்மைத் தாண்டிப் போகும்போது நாம் அதைப் பார்க்கும் திசையும் திரும்புகிறது. திருவிழா ராட்டினத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது என்று வையுங்கள். நின்று பார்த்தால் ஐந்து வினாடிக்கு ஒருமுறை எதிரே வரும். ராட்டினம் சுற்றும் பக்கமாகவே நீங்களும் சுற்றி நடந்தால் அது உங்களைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். எதிர்ப்பக்கம் நடந்தால் சீக்கிரம் வரும். இரண்டு நாளும் அது வேறு வேறு உயரத்தில் கடந்திருக்கும், அதனால் வித்தியாசம். இயக்குவது யாரும் இல்லை.

11 ஜனவரி, இரவு 8.05

நானே பார்த்துவிட்டேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஊர் விளக்கு எட்டாத கரிசல் காடு. இன்று அமாவாசை, வானம் துடைத்து வைத்த மாதிரி. ஏழு மணிக்குச் சற்று முன்னால் தெற்கே எழுந்து, மிருகசீரிடத்தை ஒட்டி ஏறி, கார்த்திகைக்குக் கீழாக வடக்கே போனது. உச்சப் பளிச்சு மூன்றாம் தர நட்சத்திரம் அளவுக்கு இருந்தது, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நடுவில் பைனாகுலரில் மட்டும் மங்கலாக.

40 இடைவெளி, 208.4 வினாடி. ஒன்றுக்கு 5.21.

தம்பி, உங்கள் இரண்டாவது நாள் கணக்கு 5.2. என்னுடையது 5.21. முதல் நாள் மட்டும் 4.7. இடிக்கிறது.

12 ஜனவரி, அதிகாலை 2.10

தூக்கம் வரவில்லை, ராட்டினக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 9-ஆம் தேதி எண் போடாமல் வாயால் சொன்னது. எண் போட்டதும் ஆட்டம் காண்கிறது.

நான் அளந்த 208 வினாடியில் அது சுமார் 1550 கிலோமீட்டர் நகர்கிறது. தலைக்கு மேலே அந்த நேரத்தில் நாம் பார்க்கும் திசை கிட்டத்தட்ட 90 பாகை திரும்பும். அது கால் சுற்று. 40 சுற்றில் கால் சுற்று பிழை என்றால் நூற்றுக்கு 0.6. ஐந்து வினாடியில் 0.03 வினாடி. உங்கள் வித்தியாசமோ அரை வினாடி. பதினைந்து மடங்குக்கு மேல். ராட்டினம் இதைத் தாங்காது. என் விளக்கம் தவறு, திரும்பப் பெறுகிறேன்.

பொருள் உண்மையிலேயே இரண்டு நாளில் அவ்வளவு மெதுவாகி, அதற்கடுத்த இரண்டு நாளில் அப்படியே நின்றுவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி நடக்க ஏதாவது அதை மோதியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்டாப்வாட்ச்சை அழுத்திய அந்த முதல் பளிச்சுக்கு வாயில் என்ன எண் சொன்னீர்கள்?

12 ஜனவரி, மாலை 6.20

தம்பியின் பதில் வந்துவிட்டது. முதல் நாள் தனியாக எண்ணியபோது அழுத்தும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்தாராம். இரண்டாம் நாள் எண்ணியது தங்கச்சி. பத்தாம் வகுப்பு. அவள் "சைபர்" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

தீர்ந்தது. கையில் ஐந்து விரல், நடுவில் நாலு இடுக்கு. ஒன்றில் தொடங்கிப் பத்தில் நிறுத்தினால் கிடைப்பது ஒன்பது இடைவெளி. 47-ஐ ஒன்பதால் வகுங்கள்: 5.22. சைபரில் தொடங்கினால் பத்து இடைவெளி. 52-ஐப் பத்தால் வகுங்கள்: 5.2. பொருள் மாறவே இல்லை.

தங்கச்சிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். யாரும் சொல்லித்தராமல் சைபரில் தொடங்குகிற பிள்ளை அளவெடுக்கப் பிறந்தவள்.

14 ஜனவரி, போகி, இரவு 9.30

இரண்டு நாளாக மனசு சரியில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

என்னிடம் 2011 முதல் ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை, 192 பக்கம், தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டது. மினுக்கும் பொருள் எதைப் பார்த்தாலும் தேதி, நேரம், இடைவெளி எழுதி வைப்பேன். தம்பியிடம் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். இப்போது சைபரில்தான் தொடங்குகிறேன். எப்போதிலிருந்து? 2014-இல் ஒரு பக்கத்தின் ஓரத்தில் "சைபரில் ஆரம்பி" என்று என் கையெழுத்து இருக்கிறது. அதற்கு முன்னால் எப்படி எண்ணினேன் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை.

சில பதிவுகளில் "21 பளிச்சு, 88 வினாடி" என்று மூலக் கணக்கே இருக்கிறது. அவற்றைக் காப்பாற்றலாம், குறைந்தது இரண்டு சாத்தியங்களாகவாவது வைத்துக்கொள்ளலாம். மற்றதில் எல்லாம் வகுத்து வந்த விடை மட்டும். "4.4 வி." எதை எதால் வகுத்தேன்? பத்து எண்ணினால் பத்து சதவீதப் பிழை, இருபது எண்ணினால் ஐந்து. எத்தனை எண்ணினேன் என்பதே இல்லாதபோது திருத்த வழி இல்லை. அறுபத்து மூன்று பதிவுகளில் சிவப்பு மையால் கோடு போட்டேன். அதில் ஒன்று என் அய்யா கூட இருந்து எண்ணிய இரவு. அதையும் போட்டேன்.

பெல்ஜியத்தில் செயற்கைக்கோள் பார்க்கும் ஆர்வலர் குழு ஒன்று பல பத்தாண்டுகளாக இந்த மினுக்கல் நேரங்களைத் திரட்டியிருக்கிறது. பிபாஸ் (PPAS) என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். அதில் ஒவ்வொரு வரியிலும் மொத்த வினாடி, பிழை அளவு, எத்தனை இடைவெளி என்ற எண்ணிக்கை எல்லாம் தனித்தனியாக இருக்கும். விடை அதற்குப் பிறகுதான். இத்தனை கட்டம் எதற்கு என்று முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. இப்போது தெரிகிறது.

14 ஜனவரி, இரவு 9.50

மேலே விட்டுப்போனது: அந்த ராக்கெட் இனிச் சில வாரம் மாலையில் கிடைக்காது. அதன் சுற்றுப்பாதைத் தளம் மெதுவாகத் திரும்புகிறது. பூமி நடுவில் புடைத்திருப்பதால் வரும் விளைவு. கூடவே சூரியனும் நகர்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 11 நிமிடம் முன்னதாக வரும். இன்று வெளிச்சம் மங்குவதற்குள் போய்விட்டது.

17 ஜனவரி, இரவு 8.40

இன்னொரு திருத்தம். 12-ஆம் தேதி எழுதியதில் "40 சுற்று" என்று போட்டிருந்தேன். அது 40 பளிச்சு. சுற்று வேறு, பளிச்சு வேறு.

உருளை தலைகீழாகப் புரளும்போது அதன் பக்கவாட்டு ஒரு சுற்றில் இரண்டு முறை சரியான கோணத்துக்கு வரும். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. 11-ஆம் தேதி பைனாகுலரில் பார்த்தபோதே ஒன்று விட்டு ஒன்று கொஞ்சம் பொலிவாக இருந்தது. கண் பார்த்தது, கை எழுதவில்லை. ஒரு பக்கம் சாயம் உரிந்திருக்கலாம். ஆக உண்மையான சுழற்சி நேரம் 10.42 வினாடி, நான் எண்ணியது 20 சுற்று.

அப்படியானால் ராட்டினப் பிழையும் இரட்டிக்கும். 0.6 இல்லை, 1.2 சதவீதம். அப்போதும் தம்பியின் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வராது.

பளிச்சு இடைவெளியையே எழுதிக்கொண்டிருப்பது நல்லது என்று நினைக்கிறேன். அதுதான் கண்ணால் பார்த்தது. சுழற்சி நேரம் நாம் ஊகிப்பது.

28 ஜனவரி, இரவு 10.15

பௌர்ணமி கழிந்து நிலா எழுவதற்குள் கொஞ்சம் இருட்டு கிடைத்தது. ஆனால் மேகம். உட்கார்ந்து யோசித்ததில் 17-ஆம் தேதிக் குறிப்பையும் திருத்த வேண்டியதாயிற்று.

கண்ணாடியைக் கையில் வைத்து வெயிலைச் சுவரில் அடித்துப் பாருங்கள். கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் சுவரில் வெளிச்சம் இரண்டு பாகை நகரும். வெளிச்சம் நம் கண்ணில் விழ வேண்டுமானால் அந்தப் பரப்பு சூரியனுக்கும் நமக்கும் சரி நடுவே பார்த்து நிற்க வேண்டும். சூரியன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாம் 90 பாகை திரும்பினால் நடுக்கோடு 45 பாகைதான் திரும்பும். ராட்டினத்தைச் சுற்றி நான் நினைத்ததில் பாதி வேகத்தில்தான் நடக்கிறோம். ஆகவே 1.2 இல்லை, மறுபடியும் 0.6.

முதலில் போட்ட விடை சரி. இரண்டு தவறு ஒன்றையொன்று தின்றுவிட்டன. இப்படிச் சரியான விடை கிடைப்பது எனக்குப் பயத்தைத் தருகிறது. தவறு எதிலாவது வெளிப்பட்டால் தேடுவோம், சரியாக வந்தால் யார் தேடுவார்?

மெதுவாகப் புரளும் பொருளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் 2002 மார்ச்சில் போனது, எட்டு டன்னுக்கு மேல், 2012 ஏப்ரல் 8 அன்று தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு லேசர் நிலையங்கள் அளந்ததில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கடப்பில் மூன்று நான்கு சுற்றுதான். அதில் எட்டில் ஒரு சுற்று பிழை புகுந்தால் மூன்று நான்கு சதவீதம் போய்விடும்.

5 பிப்ரவரி, இரவு 8.50

அஜிசாய்! தம்பி, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஜப்பான் 1986 ஆகஸ்டில் அனுப்பிய செயற்கைக்கோள், பந்து மாதிரி ஒரு கோளம். 2.15 மீட்டர் குறுக்களவு, 685 கிலோ. உள்ளே மின்கலம் இல்லை, ரேடியோ இல்லை, எதுவுமே இல்லை. வெளியே 318 கண்ணாடித் துண்டுகள், லேசரைத் திருப்பி அனுப்ப 1436 மூலைப் பட்டகங்கள். அஜிசாய் என்பது ஹைட்ரேஞ்சியா பூவுக்கு ஜப்பானியப் பெயர். கொத்துக் கொத்தாக இதழ் வைத்த பூ, கோளத்தைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று புரியும். நிலத்தை அளக்கச் செய்தது. இரண்டு இடங்களிலிருந்து ஒரே பளிச்சைப் பின்னணி நட்சத்திரங்களோடு படம் எடுத்தால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள கணக்கு கிடைத்துவிடும். கரையிலிருந்து எட்டாத தீவுகளைக்கூட இப்படி வரைபடத்தில் பொருத்தலாம்.

மினுக்குவதற்கென்றே செய்து அனுப்பிய பொருள் என்பதால் ராக்கெட்டின் பளிச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ராக்கெட் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது ஊசி குத்துகிற மாதிரி. ஒவ்வொன்றும் சில ஆயிரத்தில் பங்கு வினாடிதான். இன்று வடமேற்கிலிருந்து ஏறி ரோகிணிப் பக்கம் வந்தபோது குத்து குத்து குத்து என்று வினாடிக்கு ஒன்றுக்கு மேல். எண்ண முயன்றேன், நாக்கு சுற்றவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று வரும்படி கண்ணாடிகளை அடுக்கியிருக்கிறார்கள். மணலைத் தட்டில் போட்டுச் சிதறவிட்ட மாதிரி வரிசையாகப் புள்ளிகள் வானத்தில் நிற்பது போலவே ஒரு மயக்கம்.

விட்டபோது நிமிடத்துக்கு 40 சுற்று, அதாவது ஒன்றரை வினாடிக்கு ஒன்று. இப்போது இரண்டு வினாடிக்கு மேல். யாரும் பிரேக் பிடிக்கவில்லை. இதைப் பற்றி நாளை.

6 பிப்ரவரி, இரவு 9.10

பிரேக் பிடிப்பது பூமியின் காந்தம்.

பழைய ஈபி மீட்டருக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும், நினைவிருக்கிறதா? அதன் ஓரத்தில் ஒரு காந்தம் கவ்விக்கொண்டு நிற்கும், தொடாது. காந்தப் புலத்துக்குள் உலோகம் சுழன்றால் உலோகத்தின் உள்ளேயே சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது உலோகத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்கான விலையைச் சுழற்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் காந்தம் இல்லாவிட்டால் தட்டு தாறுமாறாகச் சுற்றும், பில்லும் அப்படியே வரும். மேலே இருக்கும் உலோக உருளைக்கும் கோளத்துக்கும் பூமியே அந்தக் காந்தம். மிக மெல்லிய பிடி, ஆனால் இரவும் பகலும் விடாத பிடி.

அப்படியானால் கேள்வி: நம் ராக்கெட்டும் மெதுவாகிறதா? தம்பி கேட்டது தப்பான காரணத்துக்காகச் சரியான கேள்வி. இரண்டு நாளில் தெரியாது. இரண்டு மாதத்தில் தெரியலாம். மார்ச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

10 பிப்ரவரி, இரவு 8.30

"மெதுவானால் செத்தது, வேகமானால் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று தம்பி.

வைத்துக்கொள்ள முடியாது. டோபெக்ஸ்/பொசைடன் என்று ஒரு செயற்கைக்கோள். 1992 ஆகஸ்டில் போனது, கடல் மட்டத்தின் உயரத்தை விண்ணிலிருந்து அளந்தது, 2006 ஜனவரியில் வேலை நின்றது. 1336 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் சுற்றுகிறது. செத்தபின் தானாகச் சுழலத் தொடங்கி, இப்போது 11 வினாடிக்குள் ஒரு சுற்று, இன்னும் வேகம் கூடுகிறது. லேசரால் அளந்து உறுதி செய்திருக்கிறார்கள்.

பனையோலைக் காத்தாடி செய்திருப்பீர்கள். ஓலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சுற்றாது, ஒரு பக்கம் மடிப்பு வேண்டும். டோபெக்ஸுக்குச் சூரியத் தகடு ஒரே பக்கம்தான். அதன்மேல் விழும் வெயிலே காற்று. வெளிச்சத்துக்கும் ஒரு தள்ளு உண்டு. கையில் உணர முடியாத அளவு, ஆனால் வருடக்கணக்காக ஒரே பக்கம் தள்ளினால் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பொருளைச் சுற்ற வைத்துவிடும். அந்த உயரத்தில் காந்தப் பிடி தோற்று, வெயில் ஜெயிக்கிறது.

11 பிப்ரவரி, இரவு 11.20

இன்றைய தேதிக்குப் பொருத்தமாக ஒன்று நினைவு வந்தது. லெஸ்-1 என்ற அமெரிக்கச் சோதனைச் செயற்கைக்கோள் 1965 பிப்ரவரி 11 அன்று போனது. கொஞ்ச காலத்தில் பேச்சு நின்றது. 2013-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு அமெச்சூர் வானொலிக்காரர் 237 மெகாஹெர்ட்ஸில் அதைத் திரும்பக் கேட்டார். மின்கலம் என்றோ அழிந்தது, வெயில் படும்போது மட்டும் பேசுகிறது. அது புரளும்போது தகடுகள் நிழலில் போகும், குரல் தேயும். நான்கு வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழுகை மாதிரி.

கண்ணால் பார்க்கும் நாம் எண்ணுவதையே அவர் காதால் எண்ணியிருக்கிறார்.

19 பிப்ரவரி, இரவு 9.00

"ஏன் எல்லாம் ஏழு எட்டு மணிக்கே? நள்ளிரவில் ஒன்றும் வராதா?" இது தங்கச்சியின் கேள்வியாம்.

வரும், தெரியாது. பொருள்மேல் வெயில் பட வேண்டும், நாம் இருட்டில் இருக்க வேண்டும். நம்மூரில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது, பூமியின் நிழல் மடமடவென்று ஏறிவிடும். தலைக்கு மேல் 400 கிலோமீட்டரில் வரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அஸ்தமனத்துக்குப் பின் சுமார் ஒன்றேகால் மணி நேரம். 780-இல் இருக்கும் நம் ராக்கெட்டுக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. 1490-இல் இருக்கும் அஜிசாய்க்கு இரண்டே கால் மணிக்கு மேல். அப்புறம் நடுச்சாமம் முழுக்கக் காலி, மறுபடி விடியலுக்கு முன்.

ஸ்காட்லாந்து மாதிரி வடக்கே ஜூனில் சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேதான் போகும், இரவு முழுக்கச் செயற்கைக்கோள்கள் மின்னும். அதனால்தான் இந்தக் கலை அங்கே வளர்ந்தது என்று எனக்குத் தோன்றும். ஆனால் நமக்குக் கிடைப்பது குறைவு என்பதாலேயே ஆறிலிருந்து எட்டரை வரை முழுக் கவனத்தோடு உட்காரலாம். அப்புறம் சாப்பிட்டுத் தூங்கலாம்.

2 மார்ச், இரவு 9.45

தொடர்பில்லாத ஒன்று, மன்னிக்கவும் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, தொடர்பு இருக்கிறது.

என் தாத்தா ஸ்புட்னிக்கைப் பார்த்ததாகச் சொல்வார். 1957 ஐப்பசி, களத்துமேட்டில் படுத்திருந்தபோது. "நட்சத்திரம் நடந்து போச்சு, நின்னு நின்னு எரிஞ்சுச்சு" என்பார். பள்ளியில் படிக்கும்போது நான் அதைப் பெருமையாக நம்பினேன். பிறகு படித்தேன்: ஸ்புட்னிக் கோளம் வெறும் 58 சென்டிமீட்டர், வெறும் கண்ணுக்குத் தெரிவது மிக அரிது. உலகமெங்கும் மக்கள் பார்த்தது அதன் பின்னாலேயே சுற்றிய ராக்கெட்டின் மைய நிலையை. அது டிசம்பர் 1 வரை இருந்து எரிந்து விழுந்தது. நான் இதைப் படித்தபோது தாத்தா இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. "நின்னு நின்னு எரிஞ்சுச்சு." அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்தித்தாளில் வந்தது கோளத்தின் படம், பீப் ஒலி. மினுக்கல் அவர் கண் பார்த்தது. பெயரைத் தவறாகச் சொன்னார், பார்த்ததைச் சரியாகச் சொன்னார்.

அதே காலத்தில்தான் அமெரிக்காவில் மூன்வாட்ச் என்று சாதாரண மக்களைச் சின்னத் தொலைநோக்கிகளோடு வரிசையாக உட்கார வைத்துச் செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தைக் குறிக்கச் சொன்னார்கள். அதோடு உலகில் பன்னிரண்டு இடங்களில் பேக்கர்-நன் என்ற பெரிய கேமரா வைத்தார்கள். அதில் ஒன்று நம் நைனிதாலில். பெரிய கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்பதற்குச் சின்னக் குழாயோடு உட்கார்ந்தவர்களின் கணக்குத் தேவைப்பட்டது.

11 மார்ச், இரவு 8.00

ராக்கெட் வந்துவிட்டது. தம்பி முதலில் பார்த்ததிலிருந்து அறுபத்து நான்கு நாள் கழித்துச் சரியாக. இந்த முறை வடக்கிலிருந்து தெற்கே, அதே பாதையின் மறு கை. மேகத்தில் பாதி போனது. பளிச்சிடுகிறது என்பது மட்டும் உறுதி. எண்ணவில்லை, பாதியில் விட்டால் ஊகம் கலக்கும்.

தம்பி, நாளை நீங்கள் இருவரும் விளாத்திகுளத்தில் எண்ணுங்கள், நான் இங்கே. முடியும்வரை ஒருவருக்கொருவர் எண்ணைச் சொல்ல வேண்டாம்.

12 மார்ச், இரவு 7.55

மேற்கே மூன்றாம் பிறை, அதற்கு மேலே வியாழன். துருவ நட்சத்திரத்துக்கு இடப்பக்கமாக எழுந்து, திருவாதிரையை உரசிக்கொண்டு, அகத்தியர் நட்சத்திரத்தின் பக்கம் இறங்கியது. கை நடுங்கக் கூடாதென்று போனைத் திண்ணைச் சுவரில் வைத்து அழுத்தினேன்.

40 இடைவெளி, 218.4 வினாடி. 5.46.

ஜனவரி 11-இல் 5.21.

இந்த முறை கொண்டாடுவதற்கு முன் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். அழுத்தும் கைப்பிழை தொடக்கத்திலும் முடிவிலும் சேர்த்து 0.3 வினாடி என்றாலும் நாற்பதால் வகுத்தால் 0.01-க்குள். ராட்டினப் பிழை 0.03. திசை மாறி வந்ததால் அன்று கூட்டியது இன்று கழித்திருக்கும் என்றாலும் அதிகபட்சம் 0.06. சைபரில் தொடங்கினேன், வாய்விட்டுச் சொன்னேன், போனில் குரல் பதிவு இருக்கிறது. வித்தியாசம் 0.25. நிற்கிறது.

அறுபத்தொரு நாளில் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மெதுவாகியிருக்கிறது.

12 மார்ச், இரவு 9.20

விளாத்திகுளத்திலிருந்து வந்தது: 30 இடைவெளி, 163.6 வினாடி. எண்ணியது தங்கச்சி, அழுத்தியது தம்பி. 5.45.

இரண்டு ஊர், இரண்டு போன், ஒரே விடை. தம்பி ஜனவரியில் சொன்ன "மெதுவாகிறது" உண்மைதான். அன்று அளந்ததில் அது இல்லை, இன்று இருக்கிறது. இயக்குவது யார் என்றால் பூமியின் காந்தம் என்பது என் ஊகம், ஒரு புள்ளியை வைத்துச் சொல்கிறேன். ஒரே அளவில் தொடர்ந்து குறைந்தால் மே மாத நடுவில் அது திரும்பத் தெற்கிலிருந்து வரும்போது இடைவெளி 5.7 பக்கம் இருக்க வேண்டும். வேறு மாதிரி இருந்தால் நான் மறுபடி எழுதுகிறேன்.

13 மார்ச், காலை 6.10

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் கட்டம் போட்டாயிற்று: தேதி, இடம், எண்ணியது யார், அழுத்தியது யார், தொடங்கிய எண், முடிந்த எண், மொத்த வினாடி. வகுத்த விடைக்குக் கடைசிக் கட்டம், அதுவும் பென்சிலில்.

தங்கச்சிக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் விளாத்திகுளம் சந்தைக்கு வரும்போது தருகிறேன்.